வரேன்னா வரேன்தான்

மாப்பிள்ளையை உள்ளே அழைத்துக்கொள்ளத் தங்கைக்கு ஒரு முழுக் காலைப்பொழுது பிடித்தது. இத்தனைக்கும் மாப்பிள்ளை மனிதர் இல்லை. எழுதியதைப் படித்துப் புரிந்துகொண்டு, சொன்ன வேலையைத் தானே செய்துமுடிக்கும் ஒரு ஏஐ ஏஜென்ட். ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் இருக்கும் மெசேஜ் குழுவுக்குள் அதைக் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. மாப்பிள்ளை என்ற பெயர் பிறகு வந்தது. வைத்தவன் வாயாடி, கம்பெனி மெக்கானிக்குகளில் ஒருவன். அவனுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவன் வாயாடிதான்.

"வந்ததும் எல்லாரும் எழுந்து நிக்கணும். நல்லா இருக்கீங்களான்னு விசாரிக்கணும். அவரு ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போட மாட்டாரு. அப்போ மாப்பிள்ளைதானே?" என்றான். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

தங்கை வேலை பார்த்தது டெர்மினலில். அதில் பட்டன் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். ஒரு கட்டளையை அடித்து என்டரைத் தட்டினால் காரியம் நடக்கும். இல்லையென்றால் மூஞ்சியில் அடித்தாற்போல் மறுத்துவிடும். மெசேஜ் சேவை அந்தப் புது ஆளுக்கென்று ஒரு ரகசியச் சாவி கொடுத்திருந்தது. டோக்கன் என்பார்கள், ரயில் மாதிரி நீளம். அதை நகலெடுத்துக் கட்டளையின் வாலில் ஒட்டினாள். அனுமதி இல்லை என்றது. புதுச் சாவி வாங்கி ஒட்டினாள். அதற்கும் அனுமதி இல்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கியபோதுதான் கண்டுபிடித்தாள்: நகலெடுக்கும்போது சாவியின் கடைசியில் ஒரு வெற்று இடமும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது. கண்ணுக்கே தெரியாத அந்த இடத்தை அழித்தாள். எந்தக் குழுவில் பேச வேண்டும் என்று ஒரு கட்டளை, யார் சொன்னால் கேட்க வேண்டும் என்று இன்னொரு கட்டளை. குழுவில் ஒரு வரி வந்து விழுந்தது. "வணக்கம். நான் இணைந்துவிட்டேன்."

இந்த வேலையெல்லாம் யாருக்காக என்று கேட்டால், முதலாளி ஒரு காரணம் சொல்வார். தங்கைக்குள் வேறு காரணம் இருந்தது. அவள் இதைச் செய்தது அக்காவுக்காக.

அவர்களுடைய கம்பெனி வீடுகளுக்கு ஆக்சிஜன் மெஷின் வாடகைக்குக் கொடுக்கிற கம்பெனி. நுரையீரல் கெட்டுப்போய், ஆஸ்பத்திரியிலும் வைத்துக்கொள்ள முடியாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் கட்டில் ஓரத்தில் அந்த மெஷின் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் போனாலோ காற்று குறைந்தாலோ, உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியின் தயவில் அது ஆபீஸுக்குத் தகவல் அனுப்பும். தகவல் வரும் மேஜையில் உட்கார்ந்திருந்தவள் அக்கா. தங்கையோடு கூடப்பிறந்தவள். தங்கை படித்து முடித்ததும் இந்த ஆபீஸில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். பகல் முழுக்க அந்த மேஜை அவளுடையது. பாத்ரூம் போவதென்றால்கூட யாரையாவது உட்காரவைத்துவிட்டு ஓடுவாள், ஓட்டமாகத் திரும்பி வருவாள். சாப்பாடு ஒரு கையில், போன் ஒரு கையில். மேஜைக்காரம்மா என்றால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும்.

அந்த மெஷின்களில் ஒன்று அக்கா வீட்டிலேயே ஓடியது. அத்தானுக்கு. சிமென்ட் குடோனில் வேலை பார்த்த மனிதர். தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நாள் முழுக்க ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு, ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஒரு சின்ன சிலிண்டரும் உண்டு, மெஷின் நின்றால் உதவட்டும் என்று. ஆனால் அதன் மூடியைத் திருகித் திறக்க அவர் கையில் வலு இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரரிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தாள் அக்கா. வீட்டிலிருந்து தகவல் வந்தால் முதலில் அவருக்குத்தான் போன் போடுவாள். அவர் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு ஓடுவார்.

ஊரார் வீட்டு மூச்சையெல்லாம் காவல் காத்துக்கொண்டு தன் வீட்டு மூச்சுக்குப் பக்கத்தில் உட்கார முடியாமல் கிடந்தாள் அக்கா. அத்தானுக்கு இனி அதிக காலம் இல்லை என்று டாக்டர் வேறு சொல்லிவிட்டார். அக்கா அதை யாரிடமும் சொல்லி அழவில்லை. மேஜையில் இன்னும் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தாள், அவ்வளவுதான். தங்கைக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்த நாற்காலியிலிருந்து அக்காவை எழுப்ப வேண்டும், எழுப்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மேஜைக்கு இன்னொரு ஆள் வேண்டும். தூங்காத, சாப்பிடாத, பாத்ரூம் போகாத ஆள். முதலாளி மாப்பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தபோது தங்கை உடனே தலையாட்டியது இதனால்தான்.

"அத்தான் மெஷினையும் அதுலதான் சேத்திருக்கேன்கா. நீ வீட்டுல இருந்தாலும் கடைக்கு கிடைக்குப் போவேல்ல, அப்போ அது பாத்துக்கும்."

"பாத்துக்குமா?" என்று கேட்டாள் அக்கா.

"பாத்துக்கும்கா."

"உன்னை மாதிரியா, என்னை மாதிரியா?"

"உன்னை மாதிரியே. உன் மெசேஜையெல்லாம் படிக்க வச்சுத்தான் பழக்கறேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ நல்லாத் திட்டவும் செய்யும்."

குழுவில் ஒரு பழக்கம் இருந்தது. மெஷின் நின்றுபோனால் அக்கா வீட்டு அடையாளத்தை எழுதுவாள்: 'பாலத்துக்குக் கீழ, மாடி வீட்டு டீச்சர், காத்து வரலை.' பக்கத்தில் இருக்கிற மெக்கானிக் 'வரேன்' என்று எழுதுவான். அந்த ஒரு சொல் விழுந்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கலாம். எழுதியவன் போய்விடுவான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. போகப்போகிறவன் 'போறேன்' என்றுதானே எழுத வேண்டும் என்று கேட்கலாம். ஆரம்பத்தில் அப்படித்தான் எழுதினார்கள். ஒரு தடவை நிதானம் என்று பேர் எடுத்த மெக்கானிக் வண்டியில் ஏறிக்கொண்டே 'போயாச்சு' என்று எழுதிவிட்டான். தான் கிளம்பியாச்சு என்பதைச் சொன்னான். அக்காவோ அதைப் படித்துவிட்டு நோயாளிதான் போய்விட்டார் என்று எண்ணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அன்றைக்கு அவனுக்கு விழுந்த திட்டு ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"மூச்சுக்கு முட்டிக்கிட்டு ஒருத்தர் படுத்திருக்காரு. அந்த வீட்டு விஷயத்துல போறேன், போயாச்சுன்னு எழுதுவியா? நாக்குல நல்ல வார்த்தையே வராதா? இனிமே எவனும் அப்படி எழுதக் கூடாது. வரேன்னு எழுதுங்கடா."

அன்று முதல் வரேன்தான்.

தங்கை அதையே எடுத்து மாப்பிள்ளைக்குச் சட்டமாக எழுதினாள். எச்சரிக்கை வந்ததும் குழுவில் போடு. அதன் பிறகு யாராவது 'வரேன்' என்று எழுதினால் அவர் பொறுப்பேற்றுக்கொண்டார் என்று வைத்துக்கொள். எச்சரிக்கைக்குப் பக்கத்தில் பச்சை டிக் போடு. யாரும் எழுதாவிட்டால் மெக்கானிக்குகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய். அவர்களும் எடுக்காவிட்டால் அந்த வீட்டுச் சாவி வைத்திருப்பவருக்குப் போன் செய். டிக் விழுந்துவிட்டால் யாருக்கும் போன் செய்யாதே. எல்லாவற்றையும் சாதாரணப் பேச்சில்தான் எழுதினாள். மாப்பிள்ளைக்கு அது போதும். சோதித்துப் பார்த்தாள். வாயாடியை 'வரேன்' என்று எழுதச் சொன்னாள், டிக் விழுந்தது. 'வந்துட்டே இருக்கேன்' என்று எழுதச் சொன்னாள், அதற்கும் விழுந்தது. 'வரமாட்டேன் போ' என்று அவனாகவே எழுதினான்; விழவில்லை. ஆபீஸே கைதட்டியது.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. மாப்பிள்ளைக்குச் சந்தேகம் அதிகம். யார் 'வரேன்' என்று எழுதினாலும், "இந்த எச்சரிக்கைக்கு நீங்கள் செல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று ஒரு கேள்வி கேட்கும். பதில் வரும் வரை டிக் போடாது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவன் ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, ஆமாம் என்று எழுத வேண்டும். மெக்கானிக்குகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சம்பந்தி வீட்டுலேருந்து பொண்ணு பாக்க வந்த மாதிரி கேள்வி மேல கேள்வி கேக்குறாரு மேடம்," என்றான் வாயாடி. "நான் சாலைல விழுந்து சாகணுமா?"

முதலாளியும் முகத்தைச் சுளித்தார். அக்காவும் சொன்னாள். தன் மேஜையில் உட்கார்ந்து, மாப்பிள்ளை வேலை செய்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எதுக்குடி அது இப்படி நச்சரிக்குது? வரேன்னா வரேன்தான். அதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

தங்கை டெர்மினலைத் திறந்தாள். சட்டத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். 'வரேன் என்று எழுதியவரிடம் மறுபடி கேட்காதே.' என்டரைத் தட்டினாள். மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு எல்லாம் எண்ணெய் போட்டது போல ஓடியது. எச்சரிக்கை வரும், எவனாவது வரேன் என்பான், கண்ணை மூடித் திறப்பதற்குள் டிக் விழும். நோயாளிகள் பேரையும் அடையாளத்தையும் குழுவில் போடுவது சரியில்லை என்று முதலாளி சொன்னதால், மாப்பிள்ளை மெஷின் நம்பரை மட்டும் போட்டது. போகிறவன் நம்பரை அழுத்தினால் விலாசம் வரும். போகாதவனுக்கு அது எதற்கு? மெக்கானிக்குகள் மெசேஜைப் படிப்பதைக்கூட விட்டுவிட்டார்கள். பச்சை தெரிந்தால் மேலே தள்ளிவிடுவார்கள். முதலாளி மாப்பிள்ளையைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். அக்காவுக்கு விடுதலை நாள் குறித்தாயிற்று. வேறு மேஜை தருகிறோம் என்றார்கள். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். மிச்சமிருக்கும் காலம் அத்தானோடு என்று சொன்னாள். தங்கைக்குச் சந்தோஷம்.

கடைசி நாள் சாயங்காலம் அக்காவுக்குக் கேக் வெட்டினார்கள். ஒரு பிளாஸ்க் பரிசாகக் கொடுத்தார்கள். அத்தானுக்கு அடிக்கடி வெந்நீர் வேண்டும் என்று யாருக்கோ ஞாபகம் இருந்திருக்கிறது. சாலையில் இருந்த மெக்கானிக்குகள் வர முடியாததால் குழுவிலேயே எழுதித் தள்ளினார்கள். நீங்க இல்லாம எப்படி அக்கா, யாரு எங்களைத் திட்டுவா அக்கா, நிதானத்துக்கு இனி நிம்மதி அக்கா. ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. அக்கா தன் மேஜைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பதில் எழுத ஆரம்பித்தாள். கண் முழுக்கத் தண்ணீர். எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடித்தேடி அடித்தாள்.

அந்த நேரத்தில் தங்கை தன் அறையில் இருந்தாள். முதலாளி பின்னால் நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை என்ன செய்கிறது என்பது வரிவரியாக டெர்மினலில் ஓடும். அதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு குஷி. ஒரு வரி ஓடியது. ஏதோ ஒரு மெஷின், கரண்ட் இல்லை, காற்று நின்றது. குழுவில் போட்டாயிற்று. அடுத்த வரி உடனே ஓடியது. பொறுப்பேற்றாயிற்று. போன் அழைப்புகள் ரத்து.

"பாத்தியாம்மா? எச்சில் முழுங்கறதுக்குள்ள முடிச்சிருச்சு!" என்றார் முதலாளி.

தங்கையும் சிரித்தாள். பெருமையாக இருந்தது. யார் பொறுப்பேற்றார்கள் என்று அவள் பார்க்கவில்லை. டிக் விழுந்துவிட்டதே.

வெளியே வந்தபோது அக்கா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். போன் குய்குய் என்று கத்திக்கொண்டே இருந்தது. "இவனுங்க வேற," என்று அதைச் சத்தமில்லாமல் ஆக்கிப் பைக்குள் போட்டாள். தங்கையின் கன்னத்தைத் தட்டினாள். "வரேண்டி," என்றாள். தங்கை வாசல் வரை போய்க் கையாட்டிவிட்டு வந்தாள்.

போன் வந்தபோது தங்கை அக்காவின் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெயில் ஜன்னலை விட்டு இறங்கியிருந்தது.

"அத்தான் எழுந்திருக்க மாட்டேங்கிறாருடி," என்றாள் அக்கா.

குரலில் பதற்றமே இல்லை. தங்கை துணியைக் கீழே வைத்தாள்.

"மெஷின் சத்தமே இல்ல. மெயின் சுவிட்ச் விழுந்து கிடக்கு. நான் போட்டுட்டேன். இப்போ ஓடுது. ஆனா இவரு எழுந்திருக்க மாட்டேங்கிறாரு. நீ வா."

தங்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயாடிதான் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அத்தான் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கை சிலிண்டரின் மூடி மேல் இருந்தது. விரல்கள் அதைப் பிடித்தபடியே இருந்தன. ரேடியோ பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரர் வாசலில் நின்று, "எனக்குப் போனே வரலையேம்மா, நான் இங்கதானே இருந்தேன், இங்கேயேதானே இருந்தேன்," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மேஜை மேல் புது பிளாஸ்க்கும், ஒரு பையில் ஆரஞ்சுப் பழமும் இருந்தன.

அத்தானின் காரியமெல்லாம் முடிந்து ஆபீஸுக்கு வந்த அன்று தங்கை குழுவைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனாள். யாரு எங்களைத் திட்டுவா அக்கா. நல்லா இருங்க அக்கா. அவற்றின் நடுவில் மாப்பிள்ளையின் எச்சரிக்கை, வெறும் நம்பரோடு. அதற்கு நேர் கீழே அக்காவின் செய்தி.

'எல்லாரும் நல்லா இருங்க. வண்டியப் பாத்து ஓட்டுங்க. வரேன்.'

எச்சரிக்கைக்குப் பக்கத்தில் பச்சை டிக். அழுத்தினாள். பொறுப்பேற்றவர் என்ற இடத்தில் அக்காவின் பேர் இருந்தது.

விடைபெறுகிறவள் வேறு என்ன எழுதுவாள்? போறேன் என்று எழுதுவாளா? போறேன் என்று சொல்லிவிட்டு எந்த வீட்டுப் படியை யார் தாண்டியிருக்கிறார்கள்? கைக்குழந்தைகூட டாட்டா காட்டும்போது வரேன் என்றுதான் சொல்கிறது. போகும்போதும் அதே சொல், வரும்போதும் அதே சொல், எது எப்போது என்று நமக்குக் கேட்காமலே தெரியும். தங்கைக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். அவ்வளவு தெரிந்ததால்தான் அதைச் சட்டத்தில் எழுதத் தோன்றவில்லை. மாப்பிள்ளையைச் சொல்லியும் குற்றமில்லை. எச்சரிக்கை வந்தது, வரேன் என்று ஒருத்தி எழுதினாள், அவள் யார் என்று பார்த்தால், அந்த வீட்டு மனுஷி. அந்த வீட்டுக்கு வரேன் என்று சொல்ல அவளைவிடப் பொருத்தமான ஆள் உலகத்தில் யார்? ஒருவேளை அதற்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும். கேட்டிருக்கும். கேட்காதே என்று சொல்லி வாயை அடைத்தாயிற்று.

முதலாளி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். அவர் முகமும் கறுத்துப்போயிருந்தது.

"ஒரு வரிதானேம்மா. எடுத்துடு," என்றார். பிறகு, "உங்க அக்காகிட்ட இதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதே. அவங்க தாங்க மாட்டாங்க," என்றார்.

தங்கை கறுப்புத் திரையைத் திறந்தாள். மொத்தமாக அணைத்துவிடலாம் என்றுதான் விரல் போயிற்று. குழுவிலிருந்து துண்டிக்கிற கட்டளையை அடித்தும்விட்டாள். என்டரைத் தட்டுவதுதான் பாக்கி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. இதை அணைத்துவிட்டால் அங்கே யார் உட்காருவார்கள்? பாலத்துக்குக் கீழே மாடி வீட்டு டீச்சர் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருக்கிறார். இன்னும் எத்தனையோ வீடுகள். அடித்த கட்டளையை எழுத்து எழுத்தாக அழித்தாள். சட்டத்தைத் திறந்து, தான் சேர்த்த அந்த ஒரு வரியை எடுத்தாள். அங்கே மூச்சுக்குத் தவித்துப் போன ஒரு மனிதர், இங்கே எடுத்துப்போட ஒரே ஒரு வரி! இவ்வளவு லேசாகவா திருத்த முடியும் இதை? சேவையை மறுபடி ஓடவிட்டாள்.

"வணக்கம். நான் இணைந்துவிட்டேன்," என்றது மாப்பிள்ளை.

அன்று மத்தியானம் ஒரு எச்சரிக்கை வந்தது. வாயாடி 'வரேன்' என்று எழுதினான். "இந்த எச்சரிக்கைக்கு நீங்கள் செல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று மாப்பிள்ளை கேட்டது. அவன் எங்கேயோ வண்டியை ஓரம் கட்டியிருக்க வேண்டும். 'ஆமாம்' என்று மட்டும் பதில் வந்தது. அதற்குப் பிறகு மெக்கானிக்குகள் யாரும் மாப்பிள்ளையைக் கிண்டல் செய்யவில்லை. மாப்பிள்ளை என்ற பேரையும் யாரும் சொல்வதில்லை.

அக்காவைப் பார்க்கத் தங்கை அடிக்கடி போனாள். சொல்லிவிடலாம் என்று போவாள். போய்ப் பாத்திரம் கழுவிக் கொடுப்பாள், துணி மடித்து வைப்பாள், சொல்லாமல் திரும்புவாள். முதலாளி சொன்னது காதில் இருந்தது. ஆனால் அதற்காக மட்டும் இல்லை. பயம். கேட்டால் அக்கா தன்னை என்ன செய்வாள் என்ற பயம் கொஞ்சம். தன்னையே அக்கா என்ன செய்துகொள்வாள் என்ற பயம் மீதி. மெஷினைக் கம்பெனி எடுத்துக்கொண்டு போய்விட்டது. அது இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. அக்கா கட்டிலுக்கு எதிரே, அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்காருவது போலவே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் சாயங்காலம் தங்கை கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டினாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். வழக்கமாக வாய் தானாகச் சொல்லும். அன்று வரவில்லை. இத்தனை நாளும் ஏதோ முனகிவிட்டு ஓடியிருக்கிறாள். அன்று அதுவும் முடியவில்லை. போறேன் என்று இந்த வீட்டில் சொல்ல முடியாது. இன்னொரு சொல்லை அக்கா முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது?

"என்னடி, ஒண்ணும் சொல்லாம நிக்கிறே?" என்றாள் அக்கா.

தங்கைக்கு உடைந்துவிட்டது. "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு மெஷின் தகவல் அனுப்பிச்சு. வந்துச்சு. ஆனா..."

"தெரியும்."

"இல்லக்கா, நீ முழுசாக் கேளு..."

"அந்தப் பச்சை டிக்கை அன்னிக்கே அமுக்கிப் பாத்தேன். நீங்கள்ளாம் இங்க ஓடிக்கிட்டு இருந்தீங்க. நான் அவர் பக்கத்துல உக்காந்து பாத்தேன். என் பேருதான் இருந்துச்சு."

தங்கை வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தாள். "அது உன்னால இல்லக்கா. கேக்காதேன்னு எழுதினது நான். நான்தான். அது கேட்டிருக்கும்கா."

"எதுக்கு நச்சரிக்குதுன்னு சொன்னது நான்தானே. வரேன்னு எழுதுங்கடான்னு அவனுங்களைத் திட்டினதும் நான்தானே." அக்கா அழவில்லை. அத்தானின் தலையணையை நேராக்கினாள். அது நேராகத்தான் இருந்தது. "அது ஒண்ணும் தப்பா எழுதலடி. நான் வந்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

தங்கை செருப்பைக் கழற்றினாள்.

"இனிமே அவசரம் இல்லையேன்னு முன்னாடி ஸ்டாப்லயே இறங்கிட்டேன்," என்றாள் அக்கா. "ஒவ்வொரு பழமா எடுத்து அமுக்கிப் பாத்து வாங்கினேன். இத்தனை வருஷத்துல நான் அவ்வளவு மெதுவா நடந்து வீட்டுக்கு வந்ததே இல்லடி."